பார்வோனின் சொல்லை நாம் சொல்லலாமா?



எகிப்து நாட்டிலே செங்கல் அறுத்த இஸ்ராயேல் மக்களின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். கடவுளுக்குப் பலியிட மூன்று நாள் பயணம் போக விடை கேட்டார்கள். பார்வோனோ வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். கல்லின் கணக்கை மாத்திரம் குறைக்கவில்லை. முறையிடச் சென்றவர்களைச் சோம்பேறிகள் என்று வைது துரத்தினான். உழைக்கிறவன் வாய் திறந்து கேட்டால் அவனைச் சோம்பேறி என்பது அவ்வளவு பழைய வழக்கம். அன்று இன்னொன்றும் நடந்தது. அரண்மனையில் தோற்றுத் திரும்பிய மேற்பார்வையாளர் அரசனைக் கடியவில்லை. வழியில் கண்ட மோயீசனைக் கடிந்துகொண்டார்கள். கொடுமை ஒன்றாயிருந்தும் மக்கள் இரண்டாய்ப் பிரிந்தார்கள்.

நமது நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1977இல் ஆட்சிக்கு வந்த அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. உணவு மானியத்தைக் குறைத்தது. விலைகள் ஏறின. மாதம் 300 ரூபா சம்பள உயர்வும், வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 5 ரூபாவும் வேண்டுமெனத் தொழிற்சங்கங்கள் கேட்டன. 1980 யூன் 5ஆம் நாள் கொழும்பில் மறியலில் நின்றோர் தாக்கப்பட்டதில் சோமபால என்ற தொழிலாளி உயிரிழந்தார். யூலை நடுப்பகுதியில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு அவசரகாலச் சட்டத்தைப் பயன்படுத்தி, வேலைக்கு வராதோர் தாமாகவே பதவியை விட்டுச் சென்றவர்கள் என்று கணக்கிட்டது. ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தார்கள். சம்பளத்தை நம்பி அடுப்பு மூட்டிய வீடுகள் இருண்டன. மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

அவர்கள் ஏன் தனித்து நின்றார்கள்? ஆளும் கட்சியின் சங்கம் எதிர்த்து நின்றது. திரு. தொண்டமான் 1978 முதல் அமைச்சராயிருந்தார்; அவரது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சேரவில்லை. மக்கள் விடுதலை முன்னணியும் ஒதுங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் பசித்த பிள்ளைக்கு அந்தக் காரணங்களில் ஒன்றேனும் சோறாகவில்லை.

உருத்திரபுரத்துக் கமக்காரரே, “இது கொழும்புக் கதை, இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்யும் எமக்கு இதனால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். சற்று நினைத்துப் பாருங்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வடக்கின் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போயின. கதவு திறந்ததும் அந்த விலை விழுந்தது. அலுவலகத்திலிருந்த எழுதுவினைஞரின் சம்பளத்தைத் தின்ற அதே கொள்கைதான் தோட்டக்காரனின் உழைப்பையும் தின்றது. அதற்கு முன்னர், 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள் நாட்டையே நிறுத்திய ஹர்த்தாலும் 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசி 70 சதமானதால் எழுந்ததே. நெல் விளைவிக்கிறவனும் அரிசி வாங்குகிறவனும் எதிரிகள் போலக் காட்டப்படுகிறார்கள். இருவரும் ஒரே தராசின் இரண்டு தட்டில் நிற்பவர்கள். தராசைப் பிடித்திருக்கும் கை வேறு.

2021இல் இரசாயன உரம் ஒரே உத்தரவில் தடுக்கப்பட்டபோது, கேட்காமல் எடுத்த முடிவு வயலில் என்ன செய்யும் என்பதைக் கமக்காரர் நேரில் கண்டார்கள். 2022 ஏப்ரில் 28இலும் மே 6இலும் நாடு வேலையை நிறுத்தியபோது, அதைச் சோம்பேறிகளின் கூத்து என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்?

திருச்சபை இதில் மௌனமாயிருக்கவில்லை. 1891இலேயே பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், உழைப்பவன் சீவிக்கப் போதாத கூலி நீதியான கூலி அல்ல என்று போதித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், பேச்சுவார்த்தை பயன் தராதபோது வேலைநிறுத்தம் இறுதி வழியாக அமையலாம் என்றது. 1981இல், பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர் தொழில் பற்றிய சுற்றுமடலில், வேலைநிறுத்தம் செய்ததற்காகத் தொழிலாளர் தண்டிக்கப்படலாகாது என்றார். அதே மடலில், கட்சி விளையாட்டுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும், மக்களின் உயிருக்கு வேண்டிய சேவைகள் தடைப்படாதிருக்க வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். நோயாளியை வாசலில் கிடத்திவிட்டு உரிமை பேசுவதும் சரியல்ல. நோயாளியைக் காட்டித் தாதியின் வாயை அடைப்பதும் சரியல்ல.

அப்படியானால் கிறிஸ்தவன் எந்தக் கட்சியில் இருக்க வேண்டும்? ஆண்டவரின் பந்தியைப் பாருங்கள். வரி தண்டிய மத்தேயுவும் அங்கே இருந்தார். உரோமை ஆட்சியை வெறுத்தோரின் பட்டப்பெயரைத் தாங்கிய சீமோனும் இருந்தார். ஒருவரை ஒருவர் தெருவில் கண்டால் முகம் திருப்பியிருக்கக் கூடியவர்கள். ஆண்டவர் இருவரையும் அழைத்தார். இருவருக்கும் ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். உங்கள் வாக்கு உங்கள் மனச்சாட்சிக்கு உரியது. ஆனால் கட்சி வேறென்பதற்காக அயலவனின் பட்டினியைப் பார்த்து மகிழ்கிறவன் அந்தப் பந்தியில் எப்படி உட்காருவான்?

நாம் இதைப் படித்துத்தான் அறிய வேண்டும் என்றில்லை. 2008இன் பிற்பகுதியில் இந்த ஊரை விட்டு மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்டோமே, 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றோமே, அன்று அகப்பை பிடித்தவர் எவரிடம் கட்சி கேட்டார்?

சகோதரரே, கடைசியாக ஒரு கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. 1958இலும் 1977இலும் வன்செயலால் துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. நிலமில்லாத அவர்கள் கமக்காரரின் வயலில் புல்லுப் பிடுங்கினார்கள்; அருவி வெட்டினார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்றும் கூலிக்குப் போகிறார்கள். அவர்களுக்குச் சங்கமில்லை, மறியலுமில்லை. அறுத்தவனுக்குக் கொடாத கூலி ஆண்டவரின் செவியில் கூக்குரலிடும் என்று யாகப்பர் எச்சரித்தது பணக்கார நிலக்காரரைத்தான். கொழும்பில் சம்பள உயர்வு கேட்போருக்காகப் பரிந்து பேசிவிட்டு, நம் வரம்பில் நிற்கும் பெண்ணிடம் “நெல்லு வித்த பிறகு பாப்பம்” என்றால் நாமும் சிறிய பார்வோன்களே.

ஆகவே இந்தக் காலபோகத்தில் மூன்று காரியம் செய்வோம். பொழுது சாயுமுன் அன்றைய கூலியைக் கொடுப்போம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலை ஒன்றானால் கூலியையும் ஒன்றாக்குவோம். அடுத்த வேலைநிறுத்தம் வரும்போது, சம்பளமின்றி இருக்கும் வீடு எதுவென்று தேடி, கட்சி கேளாமல் ஒரு கொத்து அரிசி கொண்டுபோவோம். உரிமை கேட்கிறவனைச் சோம்பேறி என்று சொல்ல நாவெழும்போது, அந்தச் சொல்லை முதலில் சொன்னவன் யாரென்று நினைத்து வாயை மூடுவோம்.

பார்வோனின் அரண்மனை மண்ணாயிற்று. செங்கல் அறுத்தவர்களின் அழுகுரலை ஆண்டவர் கேட்டார். இன்றும் கேட்கிறார்.