சேரி என்ற சொல்

பெருந்துறையிலிருந்து புறப்படும் டவுன் பஸ்களின் பலகையைப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களில் சேர்ந்து வாழ்வது பற்றிய ஞாபகம் அனேகமாக இல்லை. பாளையம், படை தங்கிய இடம். பட்டியும் தொழுவும் மாடு ஆடுகளை அடைத்த இடங்கள். வலசு, இடம் பெயர்வதைச் சொல்லும் வலசையோடு உறவுடைய சொல். அவரவர் கிணறு, அவரவர் தோட்டத்துச் சாளை என்று தனித்தனியாகக் குடியிருந்து பழகிய பிரதேசம் இது. சேர் என்பதை வேரிலேயே வைத்திருக்கும் குடியிருப்புச் சொல்லாக எனக்குத் தோன்றுவது சேரி ஒன்றுதான். அந்தச் சொல்லைத்தான், யாரை நாம் சேர்த்துக்கொள்ளவில்லையோ அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) பிராமணர்களின் ஊர் ஒன்றைப் பற்றியவை. அந்த ஊர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பிரிந்திருந்தது. அங்கே சேரி வெறும் குடியிருப்புப் பகுதி. ஆனால் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வந்துவிடுகின்றன. தீண்டாச்சேரி என்பதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். சேர்வதும் தொடாதிருப்பதும் ஒரே சொல்லுக்குள் எந்த உறுத்தலும் இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில், சேரி இழிவான சொல் அல்ல, அதை மீட்டெடுக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் வாதம் செய்துகொண்டிருந்தேன். நிகண்டில் இடப்பெயர்த் தொகுதி இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, வேர்ச்சொல் இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்பது என் எண்ணம். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பனிடமும் சொன்னேன். அவன் வளவிலிருந்து வந்தவன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நீங்க பொஸ்தகத்துல பாத்ததச் சொல்றீங்க. நான் பஸ்ஸுல காதுல வாங்குனதச் சொல்றனுங்க."

வாதத்தை விட அந்த 'நீங்க' என்னைத் தொந்தரவு செய்தது. பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அவனுக்கு நான் 'நீ'. அன்று பேசிக்கொண்டிருந்தது எங்கள் தோட்டத்தில். அப்பாரு திண்ணையில் இருந்தார். அவன் தகப்பனார் எங்கள் பண்ணையத்தில் இருந்தவர், என் அப்பாவை விட மூத்தவர். அவரைப் பத்து வயதில் நான் பேர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் என்னைச் 'சாமி' என்றார். யாரும் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

நண்பனின் குடும்பம் பின்னால் அரசாங்கம் கட்டிய வீட்டுக்குப் போயிற்று. அந்த இடத்துக்குப் பேர் காலனி. சேரி என்ற சொல்லில் ஏறியிருந்த அத்தனையும் சில வருஷங்களில் காலனியிலும் ஏறிவிட்டது. வேலைக்கு மனுப் போடும்போது அவன் விலாசத்தில் கதவு எண்ணை மட்டும் எழுதினான். ஈரோட்டில் ஆசிரியர் காலனி இருக்கிறது. அங்கே குடியிருப்பவர் விலாசத்தை மறைப்பதில்லை. சொல் ஒன்றேதான். உத்தரமேரூர்ச் சேரிக்கும் தீண்டாச்சேரிக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஆயிரம் வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. சொல்லின் அர்த்தம் வேரிலிருந்து வருவதில்லை. யார் அங்கே குடியிருக்கிறார்கள், யார் அதை உச்சரிக்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறது.

2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அடுத்து வரும் சொல்லும் இப்படித்தான் அழுக்காகும், பிறகு எதற்கு மாற்றுவது என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அழுக்காகலாம். ஆனாலும் அதற்காக மாற்றாமல் இருக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. காதில் வாங்காதவன் பொறுமையை உபதேசிப்பது சுலபம். ஒரு சொல் அழுக்காக எடுத்துக்கொள்ளும் சில வருஷங்களுக்குள் ஒரு பையன் தன் விலாசத்தை முழுசாக எழுதிவிட முடியும் என்றால், அது அற்பமான லாபம் அல்ல.

நெருக்கத்தைச் சொல்ல நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. பாசம், பந்தம், பிணைப்பு, கட்டு. கவனித்தால் எல்லாவற்றிலும் கயிறு இருக்கிறது. களத்தில் பிணையல் கட்டிய மாடுகளும் நெருக்கமாகத்தான் சுற்றி வருகின்றன. எங்கள் தோட்டத்துக்கும் அந்த வளவுக்கும் மூன்று தலைமுறைப் பந்தம் என்று அப்பாரு பெருமையாகச் சொல்வார். உண்மைதான். கயிற்றின் எந்த முனை யார் கையில் இருந்தது என்பதை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது சிப்காட் பக்கம் லைன் வீடுகளில் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கும் ஒரு சொல் தயாராகிக்கொண்டிருக்கும்.

சேரியை மீட்பது பற்றி நான் இப்போது பேசுவதில்லை. நண்பன் எங்கள் தோட்டத்துக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, என்னை 'நீ' என்று கூப்பிடும் வரை அந்தச் சொல்லின் வேரைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைக்கிறேன். போன மாதம் வந்திருந்தான். அப்பாரு போய் வெகு காலமாகிவிட்டது. திண்ணையில் வேறு யாரும் இல்லை. அப்போதும் 'நீங்க' என்றுதான் சொன்னான்.