கணக்கில் வராத மணிநேரம்

கால்நடை மருத்துவம் படிக்க ஒரு பெண் எப்போது தயாராகத் தொடங்குகிறாள்? தமிழ்நாட்டில் விடை எளிது: பிளஸ் டூவில். உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டு 200க்குக் கட்ஆஃப் போடுகிறார்கள். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. மாட்டைத் தொட்டிருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் கேட்கிறார்கள். அங்கே கல்லூரியில் உயிரியலும் கரிம வேதியியலும் படித்த பிறகே நான்காண்டு கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். விலங்குகளோடு கழித்த மணிநேரத்தையும் எழுத வேண்டும். மருத்துவரின் மேற்பார்வையில் செய்தது ஒரு பிரிவு, மற்றது இன்னொரு பிரிவு. நம் ஊர்ப் பெண்கள் அந்த இரண்டாவது பிரிவை நிரப்ப உட்கார்ந்தால் தாள் போதாது.

என்னிடம் பி.ஏ. தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி, கால்நடை மருத்துவத்துக்கு மதிப்பெண் எட்டாமல் இங்கே வந்தவள். வீட்டில் மூன்று கறவை மாடுகள். சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாளாம். அசை போடாத மாட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். கன்று ஈன்ற மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழும்வரை இரவெல்லாம் காத்திருப்பாள், மாடு அதைத் தின்றுவிடக் கூடாதென்று. முதலில் பீச்சும் பால் திரிதிரியாக வந்தால் மடிநோய் என்பது ஏழாம் வகுப்பிலேயே தெரியும். ஒரு வயது இளைய தம்பி இயற்பியல் டியூஷனுக்குப் போனான். நீயும் போயிருக்கலாமே என்றேன்.

"டியூஷன் காலையில அஞ்சரைக்கு மேம். கறக்குற நேரமும் அதுதான்."

அப்படியானால் தொழுவத்து மணிநேரத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றும். எனக்குத் தயக்கம் இருக்கிறது. சம்பளமில்லாமல் மருத்துவமனையில் நிற்க வசதியுள்ளவர்களுக்கே சான்றிதழ் எளிதில் கிடைக்கும். சாணி அள்ளியதற்கு யார் கையெழுத்துப் போடுவார்? அதைவிட உறுத்துவது வேறொன்று. கூலியில்லா உழைப்புக்குத் 'தகுதி' என்று பெயர் வைத்துவிட்டால், அதை அவள்மேல் சுமத்தியவர்களுக்கு நல்ல சாக்கு கிடைத்துவிடும். "உன் படிப்புக்குத்தானே அள்ளச் சொல்றோம்" என்பார்கள். தியாகம் என்று புகழ்ந்தே பெண்ணை அடுப்படியில் வைத்திருந்த வீடுகள் இவை.

வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903இல். சக்குபாய் ராமச்சந்திரன் அங்கே படித்து, நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவராக வெளிவந்தது 1952இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தொழுவம் பெருக்கியது யார் என்று கேட்டால் சிரிப்பார்கள். மாட்டோடு பெண்ணுக்குப் பழக்கம் இல்லாததாலா கதவு மூடியிருந்தது?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இன்று இந்தப் படிப்புக்கும் உண்டு. நல்லது. பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை அது பார்க்கிறது. ஒரே கூரையின் கீழ் அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஒதுக்கீடும் எட்டிப் பார்க்காது.

பிளஸ் டூ படிக்கும் அந்த ஒரு வருடமாவது தம்பி கறக்கட்டும், அவள் டியூஷனுக்குப் போகட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இதைச் சொன்னபோது மாணவி சிரித்தாள்.

"மாடு அவன உதைக்கும் மேம்."

முதல் நாள் அவளையும் உதைத்துத்தானே இருக்கும்.