ஓர் ஆண்டின் கணக்கு

பொதுத்தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கிய மூன்றாம் நாள், நம் தம்பியின் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் நம்மிடம் வந்தாள். பத்தாம் வகுப்பு எழுதி முடித்த 15 வயதுப் பெண். பள்ளி ஆண்டு மலருக்காக, கடந்து வந்த ஓராண்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருமாறு ஆசிரியை பணித்திருந்தாராம். "பெரியப்பா, ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள், வேறு எதையும் மாற்றிவிடாதீர்கள்" என்னும் நிபந்தனையோடு அதைத் தந்தாள்.

படித்தோம். வியந்தோம் என்றே சொல்ல வேண்டும். ஐந்து பாடங்கள், 500 மதிப்பெண்களுக்கான ஓயாத பயிற்சித் தேர்வுகள். திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் கணிதத் தனிப்பயிற்சி. செவ்வாய், வியாழனில் இந்தி வகுப்பு. அதில் பிராத்மிக் தேறி மத்தியமாவும் எழுதியாயிற்று. நாள்தோறும் மாலை 5.30 முதல் 6.30 வரை ஆங்கிலத் தட்டச்சு, இளநிலை. சனிக்கிழமை கீபோர்டு. ஞாயிறு காலை சிலம்பம், பிற்பகல் சதுரங்கம். மாவட்டப் போட்டியில் ஏழு சுற்றுகளில் நான்கில் வெற்றி. இவற்றுக்கிடையே தபால்தலை சேகரிப்பு வேறு! ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, கீழே கோடிட்டு, மிக அழகாக எழுதியிருந்தாள். வல்லினம் மிகாத இடங்களில் மிகுவித்திருந்ததைத் தவிர, நாம் திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.

அவளே திண்ணையில் அமர்ந்து அதனை உரக்கப் படித்துக் காட்டினாள். அருகில் நம் தாயார் அமர்ந்திருந்தார். 81 வயது, கண் மங்கினாலும் செவி மங்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கேடி கண்ணு. ஆனா இதிலே நான் எங்கேயுமே வரலியே" என்று சிரித்தார். அதில் குறையோ, குத்தலோ இல்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவே. குழந்தையின் முகம் மாறிவிட்டது. நோட்டை மூடிக்கொண்டு உள்ளே சென்றாள்.

இந்தச் சொல்லின் பின்னணியை வாசகர்கள் எளிதில் உணர்வர். நம் தாயார் கதிரவன் மறைந்த பின் உண்பதில்லை. கார்த்திகை மாதத்தில் எங்கள் பக்கத்தில் 5.40 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆனி, ஆடியில் 6.35 வரை வெளிச்சம் இருக்கும். அதற்கேற்ப அவருடைய உணவு நேரமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகரும். ஒன்பதாம் வகுப்பு வரை, பள்ளி விட்டு வந்ததும் பேத்தியும் அவரோடு அமர்ந்து உண்பது வழக்கம். அந்த அரை மணி நேரத்தில்தான், மேல்சித்தாமூர்த் தேருக்கு வண்டி கட்டிச் சென்ற கதை, கிணற்றில் விழுந்த செம்பின் கதை, பெயர் மறந்துபோன உறவினர்களின் கதை எல்லாம் நடைபெறும். தட்டச்சு வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அவள் வீடு திரும்புகையில் பாட்டி உண்டு, வாய் கொப்பளித்து, செபமாலையை எடுத்திருப்பார். ஓராண்டுக் காலம் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருநாளும் சேர்ந்து உண்ணவில்லை. இதனை வீட்டில் எவரும் கவனிக்கவில்லை. நாமும் கவனிக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இங்கே எழும் வினா இதுதான்: நிரம்பிய ஆண்டும் நிறைந்த ஆண்டும் ஒன்றுதானா?

சுறுசுறுப்பைக் குறை கூறுவது எளிது. முதியவர்கள் காலங்காலமாக அதைச் செய்து வருகிறோம். உரோமாபுரியின் செனேகா, வாழ்நாளின் குறுமையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வாழ்நாள் உண்மையில் குறுகியதன்று, நாம்தான் அதனைச் சிதறடித்துக் குறுக்குகிறோம் என்பது அவர் வாதம். அவரோ அரசவையின் அலுவல்களிலும் பெருஞ்செல்வத்திலும் மூழ்கியிருந்தவர் என்பதையும் வரலாறு சொல்கிறது. நாலடியார், இளமை நிலையாமையை இரண்டாம் அதிகாரத்திலேயே வைத்துவிட்டது. எனினும், 15 வயதுப் பிள்ளையிடம் போய் இளமை நில்லாது என்று ஓதுவதில் பயன் உண்டா என்பது நமக்கு ஐயமே. நில்லாது என்பதனால்தானே அவள் இத்தனை வகுப்புகளுக்கு ஓடுகிறாள்!

மேலும், அந்தப் பட்டியலில் உண்மையான மகிழ்ச்சியும் இருந்தது. சிலம்பத்தை அவளே விரும்பிச் சேர்ந்தாள். தோற்ற மூன்று ஆட்டங்களைப் பற்றி, வென்ற நான்கைவிட அதிகமாக எழுதியிருந்தாள். கற்பவரின் மனம் அங்கே தெரிந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னை இளைஞர் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றபோது, ஊரில் பெற்றோர் பலர் பிள்ளைகளைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அவர் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு ஒன்றையே பற்றியவர் என்பதை மட்டும் எவரும் பின்பற்றவில்லை. பின்பற்ற வேண்டும் என்று நாம் கூறவும் மாட்டோம். அது எல்லோர்க்கும் பொருந்தும் வழியன்று. ஆயினும் ஒன்றை ஆழ்ந்து பற்றுவது வேறு, எட்டினைத் தொட்டுப் பார்ப்பது வேறு.

எட்டினையும் தொடச் செய்தவர் யார்? இந்தி, தந்தையின் விருப்பம். வேலைக்கு வடக்கே போக நேர்ந்தால் உதவும் என்பார். கீபோர்டு, தாய்க்கு இளமையில் கிட்டாத ஆசை. தட்டச்சுக்கு யோசனை கூறியவர் வேறு யாருமல்லர், இதனை எழுதும் நாமே. சதுரங்கப் பலகையை வாங்கிக் கொடுத்ததும் நாமே. ஆக, அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் எங்களுடைய பட்டியல். பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார்க்கு நம் பெரியோர் வகுத்தனர். நிலம், பொன், தானியம் இவ்வளவு போதும் என்று வரையறுக்கும் நாம், பிள்ளையின் மாலைப் பொழுதுகளுக்கு மட்டும் எந்த வரையறையும் வைப்பதில்லை. அவள் பொழுது நம் பொருள் என்று எண்ணுகிறோம் போலும்.

மறுநாள் காலை அவள் மீண்டும் வந்தாள். இரவே உட்கார்ந்து மூன்றாம் பக்கம் ஒன்று எழுதியிருந்தாள். தலைப்பு, "செய்யத் தவறியவை". பாட்டியோடு உண்ணாதது, பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லித் தருவதாக வாக்களித்து மறந்தது, தோழி காய்ச்சலில் கிடந்தபோது போய்ப் பார்க்காதது, தாயிடம் சீறி விழுந்தது என்று 17 குறைகள். இவற்றுக்கும் எண் இருந்தது. கீழே கோடும் இருந்தது.

முதலில் மகிழ்ந்தோம். பிரதிக்கிரமணம் என்பது திரும்பி வருதல் அன்றோ? பகலுக்கு, இரவுக்கு, பதினைந்து நாளுக்கு, நான்கு திங்களுக்கு, ஆண்டுக்கு என்று அதற்குக் கால வரையறைகள் உண்டு. ஆண்டிறுதியில் பெற்றதை எண்ணுவது வணிகர் கணக்கு. யாருக்கு என்ன தீங்கு இழைத்தோம், யாரை மறந்தோம் என்று எண்ணுவது வேறு கணக்கு. குழந்தை முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரே இரவில் வந்துவிட்டாளே என்று மனம் குளிர்ந்தது.

ஆனால் அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை பார்க்கையில் ஏதோ உறுத்தியது. எண்ணும் கோடும்தான் உறுத்தின. முதற்பட்டியலில் "நான் செய்தேன்" என்று இருந்த இடத்தில், இதில் "நான் செய்யவில்லை" என்று இருந்தது. இரண்டிலும் அந்த "நான்" மட்டும் மாறாமல் நடுவில் நின்றது. குற்றவுணர்வையும் அவள் ஒன்பதாவது வகுப்பாக எடுத்துக்கொண்டுவிட்டாளோ, அதிலும் நல்ல மதிப்பெண் வாங்க முனைகிறாளோ என்று அஞ்சினோம்.

பொன்னூர் மலையோடு நம் மரபு தொடர்புபடுத்தும் குந்தகுந்தாசாரியர், சமயசாரத்தில் திடுக்கிட வைக்கும் ஓர் இடம் உண்டு. பிரதிக்கிரமணம், நிந்தனை, கர்ஹை முதலிய எட்டையும் அவர் நச்சுக் குடம் என்கிறார்! ஆன்மாவின் தூய நிலையிலிருந்து பார்க்கையில், "நான் தவறினேன், நான் வருந்துகிறேன்" என்று தன்னைக் கர்த்தாவாக நிறுத்திக்கொள்வதும் ஒரு கட்டே என்பது அதன் உட்பொருள். இதனைத் தவறாகக் கொண்டு, அப்படியானால் வருந்தவே வேண்டாமே என்று சோம்பி இருப்பார்க்கு உரையாசிரியர் அமிர்தசந்திரர் கடுமையாகவே விடை சொல்கிறார். வருந்துவதே நஞ்சென்றால் வருந்தாத மயக்கம் எங்ஙனம் அமுதாகும்? மேலே ஏறச் சொன்னால் கீழே விழுவானேன்? இதுவே அவர் கேள்வியின் சாரம்.

இதையெல்லாம் அவளிடம் விரிக்கவில்லை; பதினைந்து வயதுக்கு அது பெருஞ்சுமை. "இந்த 17-இல் எதை இன்றே சரிசெய்ய முடியும்?" என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் பட்டியலைப் பார்த்தவள், "ஒன்றை முடியும்" என்றாள். பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்றும் கேட்டாள். அது உன் விருப்பம் என்றோம்.

தட்டச்சு நிலையத்தில் காலை 6 மணி வகுப்பில் இடம் இருந்தது. அதிகாலையில் எழுந்திருக்க வேண்டும் என்று தாய் தயங்கினார். நாம் யோசனை கூறிய வகுப்பு என்பதால் நாமே சென்று மாற்றி எழுதி வந்தோம். கீபோர்டை விடுவது குறித்து வீட்டில் ஒரு சிறு பூசல் நடந்தது. அது இன்னும் தீரவில்லை. ஆண்டு மலருக்கு அவள் கொடுத்தது முதல் இரண்டு பக்கங்களை மட்டுமே. மூன்றாம் பக்கத்தை என்ன செய்தாள் என்று நாம் கேட்கவில்லை.

சென்ற வாரம் மாலை அங்கே போயிருந்தோம். மணி ஆறு, வெயில் கூடத்தில் நீண்டு கிடந்தது. இரண்டு தட்டுகள். குதிரை ஏன் நேராகப் போகாமல் வளைந்து தாவுகிறது என்று தாயார் கேட்டுக்கொண்டிருந்தார். பேத்தி அப்பளத் துண்டுகளைத் தரையில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தாள். தாயாருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. பள்ளி திறந்தபின் செவ்வாய், வியாழன் இந்தி வகுப்பும் இதே நேரத்துக்கு வருகிறதாம். அதுபற்றித் தம்பியிடம் பேச வேண்டும்.