ஆழமும் அடுக்கும்

பொதுவாழ்வில் சான்றுக்கு என்ன இடம் இருக்கிறது என்ற கேள்வியை மதுரையில் இருந்துகொண்டு எழுப்புகிறவர், எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் கடைசியில் கீழடிக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. நகருக்குத் தென்கிழக்கே, சிலைமானைத் தாண்டி, சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் இருக்கும் அந்தத் தென்னந்தோப்பில் 2014-15 பருவத்தில் அகழாய்வு தொடங்கியதும், முதல் இரு பருவங்களை நடத்திய இந்தியத் தொல்லியல் துறை அலுவலர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டதும், 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அப்பணியை ஏற்றுக்கொண்டதும் தமிழ் வாசகர் நன்கு அறிந்த செய்திகளாதலால் அவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. மனத்தை விட்டு நீங்க மறுப்பது அவற்றுக்குப் பின்னர் எழுதப்பட்ட ஒரு கடிதமும், அக்கடிதத்தில் இருந்த ஒரு சிறு குறிப்புமே.

அமர்நாத் ராமகிருஷ்ணா தம் இரு பருவங்களுக்குமான 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் துறையிடம் அளித்தார். அதில் கீழடிக் குடியிருப்பை மூன்று காலகட்டங்களாகப் பகுத்து, முதலாவதைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்கும் 5ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வைத்தார். 28 மாதங்கள் கழித்து, 2025 மே மாதத்தில், இரு வல்லுநர்கள் அறிக்கையைப் பார்வையிட்டதாகவும் அவர்கள் கூறிய திருத்தங்களைச் செய்து தரவேண்டும் என்றும் துறை அவருக்கு எழுதியது. முதற்காலகட்டத்துக்குத் தரப்பட்ட காலம் மிகவும் முற்பட்டதாகத் தோன்றுகிறது என்றும், அதற்கு உறுதியான நியாயம் காட்டப்பட வேண்டும் என்றும் அக்கடிதம் கூறியது. மண்ணடுக்குகளையும் தொல்பொருள்களையும் அறிவியல் காலக்கணிப்பையும் கொண்டே காலம் வகுக்கப்பட்டது, மாற்ற ஏதுமில்லை என்று அவர் பதில் எழுதினார். இவ்வளவும் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அதே கடிதத்தில், காலம் கணிக்கப்பட்ட மாதிரிகள் கிடைத்த ஆழத்தை மட்டும் சொன்னால் போதாது, மண்ணடுக்கின் எண்ணையும் குறிக்க வேண்டும் என்ற பொருளில் இருந்த ஒரு வரி மட்டும் பேசப்படவே இல்லை. மேடைகளில் அது யாருக்கும் பயன்படாத வரி. ஆயினும் இந்த விவகாரம் முழுவதிலும் திரும்பத் திரும்ப நினைக்கத் தூண்டுவது அந்த ஒரு வரியே.

மண்ணடுக்கு என்பது ஒரு காலத்து மனிதர் புழங்கிய தரையும், அதன்மேல் சேர்ந்த குப்பையும், வெள்ளம் கொண்டுவந்த வண்டலும் இறுகி ஒரு நிறமும் ஒரு தன்மையும் பெற்று நிற்கும் படிவு. அகழாய்வுக் குழியின் பக்கச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கியபின், நிறம் மாறும் இடத்தில் சிறு கரண்டியின் முனையால் கோடு கீறி, ஒவ்வொரு படிவிலும் எண் எழுதிய சிறு அட்டையை ஆணியால் குத்தி வைப்பார்கள். அந்தக் கோடுகள் நேராக இராமல் ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் ஏறியும், சில இடங்களில் பழங்காலத்தவர் தோண்டிய பள்ளத்தால் அறுபட்டும் செல்லும். கீழடியில் உறைகிணறுகள், அதாவது சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய கிணறுகள், பல கிடைத்தன. கிணறு தோண்டியவர் தமக்கு முந்தியவர்களின் தரையை வெட்டிக்கொண்டே கீழே இறங்கியிருப்பார். ஆகவே அக்கிணற்றின் அடியில், நிலமட்டத்திலிருந்து நெடுந்தொலைவு கீழே கிடக்கும் ஓர் உடைந்த குடம், பக்கத்தில் முழங்கால் ஆழத்தில் கிடக்கும் ஓட்டைவிடப் பிந்தியதாக இருக்கக்கூடும். ஆழம் என்பது அளவுநாடா சொல்லும் செய்தி. அடுக்கின் எண்ணோ அந்த மண்ணை நேரில் பார்த்தவர் தம் பொறுப்பில் சொல்லும் செய்தி. முன்னது இல்லாவிட்டாலும் பின்னது பொருள்படும், பின்னது இல்லாத முன்னது பொருள்படாது.

இவ்விடத்தில் 580 என்ற எண்ணைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மாநிலத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, நான்காம் பருவத்தில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி ஒன்று அமெரிக்காவின் பீட்டா ஆய்வகத்தில் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டதையும், 200 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 205 எனக் கணிக்கப்பட்டதையும் சொன்னது. (இது மாநிலத் துறையின் கணிப்பு, திருப்பி அனுப்பப்பட்டது மத்தியத் துறையில் உருவான வேறோர் அறிக்கை. பொதுப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.) 580 என்ற எண் அன்றைக்கே பட்டிமன்றத்துக்கும் பாராட்டு விழாவுக்கும் போய்விட்டது, 353 குழிக்குள்ளேயே தங்கிவிட்டது. மதிப்பெண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வினாவை மறந்துவிடுவது போன்றது இது.

கரிமக் கணிப்பு என்பது, உயிரோடு இருந்தபோது மரமும் தானியமும் காற்றிலிருந்து ஏற்ற கதிரியக்கக் கரிமம் 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்ற விதியைக் கொண்டு, அவை இறந்த காலத்தைக் கணக்கிடும் முறை. காற்றிலிருந்த அக்கரிமத்தின் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருக்கவில்லை, ஏறத்தாழ கி.மு. 750 முதல் 400 வரை வாழ்ந்த பொருள்கள் ஆய்வகத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவையே காட்டுவதால், அறிவியலாளர் அக்காலப் பகுதியை ஹால்ஸ்டாட் சமதளம் என்று அழைக்கின்றனர். 580 அந்தச் சமதளத்தின் நடுவே விழுகிறது. அதைச் சுற்றி ஒன்றிரண்டு நூற்றாண்டு அகலத்துக்கு ஐயம் நிற்கும் என்பது எந்த ஆய்வகமும் மறுக்காத உண்மை. அந்த அகலத்தின் பிந்திய விளிம்பே கி.மு. 400 அளவில்தான் முடிகிறது என்பதும் அதே அளவு உண்மை. பழமையைக் கூட்ட விரும்புகிறவருக்கும் குறைக்க விரும்புகிறவருக்கும் இந்த ஐயம் ஒருங்கே உதவ மறுக்கிறது. மேலும், கரி சொல்வது மரம் இறந்த காலத்தை. அந்த மரம் உத்தரமாக நூறாண்டு கிடந்து பின்பு எரிந்திருந்தால், அருகில் கிடக்கும் பானை அவ்வளவு இளையது. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமக் கலம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்த நெல்லைக் கணித்து கி.மு. 490 என்ற காலம் பெறப்பட்டது. ஒரே பருவத்தில் விளைந்து முதிரும் நெல் கரியைவிட நம்பத் தக்க சாட்சி.

ஆக, கடிதத்தின் அந்தச் சிறு கேள்வி நியாயமானது. எந்தத் தொல்லியல் மாணவரும் கேட்க வேண்டியது. அப்படியிருந்தும் அதைப் படித்த தமிழர் எவருக்கும் அது கேள்வியாகக் கேட்கவில்லை, தடையாகவே கேட்டது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அறிக்கை 28 மாதம் உறங்கியது. எழுதியவர் முன்பே ஒருமுறை வேலை நடந்துகொண்டிருக்கும்போது மாற்றப்பட்டவர். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 2004-05இல் அதே துறை செய்த அகழாய்வின் அறிக்கைக்காக 15 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த அனுபவம் மக்களுக்கு இருந்தது. இத்தனைக்கும் பிறகு கேட்கப்படும் சரியான கேள்வி, கேட்பவரின் கையைப் பார்த்தே அளக்கப்படுகிறது.

அதே துறையின் வரலாற்றில் வேறு வகையான முன்மாதிரியும் உண்டு. மார்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தது 1945இல். குழிச் சுவர்களின் வரைபடங்களோடு அறிக்கை அச்சில் வந்தது 1946இல். வீலரின் முடிவுகள் பலவும் நிலைக்கவில்லை. உட்புறத்தில் சிறு புள்ளிகளால் வட்டக் கோடிட்ட மெல்லிய தட்டுகளை அவர் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்தவை என்று கருதினார். விமலா பெக்லி 1983இல் அதே அறிக்கையை மறுபடி ஆராய்ந்து, அவை இந்தியாவில் வனையப்பட்டவை என்று வாதிட்டு, அரிக்கமேட்டின் தொடக்கத்தையும் முன்னுக்குத் தள்ளினார். பின்னர் 1989 முதல் 1992 வரை அங்கேயே மறு அகழாய்வும் நடத்தினார். அடுக்கின் எண்கள் அச்சில் இருந்ததால்தான் வீலரை வீலரின் சொற்களைக் கொண்டே திருத்த முடிந்தது. தவறாயினும் வெளிவந்த அறிக்கை கல்விக்குச் சொத்தாகிறது. சரியேயாயினும் பூட்டி வைத்த அறிக்கை வதந்திக்குத் தீனியாகிறது.

வைகைக் கரைக் கிராமங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓட்டாஞ்சில்லு தொல்பொருள் அன்று, விளையாட்டுச் சாமான். கோடையில் வற்றிய கண்மாய்க்குள் இறங்கி, விளிம்பு மழுங்கிய, உள்ளங்கைக்கு அடங்கும் ஓடாகப் பார்த்துப் பொறுக்கி, திண்ணைக் கல்லில் உரசி வட்டமாக்கி, தெருவில் கரிக்கட்டையால் கட்டம் கீறிப் பாண்டி ஆடுவது இந்தச் சமவெளியில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் சிவப்புமாக இருக்கும் ஓடு கிடைத்தால் அது ராசியான சில்லு. அந்த இருநிறம் இரும்புக்காலத்துக் குயவர் சூளையில் பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் வந்தது என்பதை அறியாமலே ஆட்டம் முடிந்துவிடும், சில்லும் சாக்கடையில் போய்விடும். கீழடி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் அதே அளவில், அதே போல ஓரம் தேய்த்த வட்டச் சில்லுகளைக் காணும் நடுத்தர வயதினர் முகத்தில் முதலில் மகிழ்ச்சியும், ஒரு கணம் கழித்து மெல்லிய குற்றவுணர்வும் தோன்றுவது இயல்பே. கண்மாயில் பொறுக்கிய ஓட்டுக்கு அடுக்கு கிடையாது. எடுத்த நொடியிலேயே அது சாட்சி சொல்லும் தகுதியை இழந்துவிட்டது. 1970களில் கீழடிப் பள்ளியில் பணியாற்றிய வரலாற்று ஆசிரியர் ஒருவர், மாணவர் கொண்டுவந்த பொருளைப் பார்த்து, அது எந்த இடத்தில் கிடைத்தது என்று விசாரித்துக் கிளம்பியதிலிருந்தே இந்தக் கதை தொடங்குகிறது என்பதை நினைக்கும்போது, கல்வி என்பது பெரும்பாலும் அந்த ஒரு வினாதான் என்று தோன்றுகிறது.

எண்களின் மீது கொண்ட காதல் மதுரைக்குப் புதிதன்று. இறையனார் களவியல் உரையில் வரும் முச்சங்க வரலாற்றைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு இன்று பாதிதான் நினைவிருக்கும்: தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு. இம்மூன்று எண்களும் 37ஆல் மீதமின்றி வகுபடுகின்றன. 120 முறை, 100 முறை, 50 முறை. நடந்தவற்றை எண்ணி எழுதிய கணக்கு இவ்வளவு ஒழுங்காக அமையாது. உரையாசிரியரைப் பொய்யர் என்று தள்ளுவதும் நேர்மையாகாது. தம் மொழியின் மீது அவர் கொண்ட மதிப்புக்கு அக்காலத்தில் கிடைத்த அளவுகோல் அதுவே. அந்த எண்களுக்கு ஆழம் இருந்தது, அடுக்கு இருக்கவில்லை. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்துப் பாறையில் அடுக்கு இருந்தது, படிக்க ஆள் இல்லை: 1882இல் ராபர்ட் சூவெல் கண்ட எழுத்துகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் காட்ட 1924 வரையும், அதில் நெடுஞ்செழியன் பெயரை ஐராவதம் மகாதேவன் படிக்க 1965 வரையும் ஆயிற்று. இடைப்பட்ட 83 ஆண்டுகளில் தவறான வாசிப்புகளும் வெளியாயின, அவை வெளியானதால் திருத்தப்பட்டன.

580ஐயும் 4440ஐப் போல ஆக்கிவிடும் ஆபத்து, அதை மறுப்பவரிடம் மட்டுமன்றிப் போற்றுபவரிடமும் இருக்கிறது. அதே நேரத்தில், இரு தரப்பும் ஒரே அளவு பிழை செய்தன என்று தராசுத் தட்டைச் சமன் செய்வது நீதியாகாது. அறிக்கையை வெளியிடும் அதிகாரம் ஒரு தரப்பிடம் மட்டுமே இருந்தது. ஆகையால் கடமையும் முதலில் அதற்கே. வல்லுநர் இருவரின் மறுப்புகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்து, எழுதியவரின் அறிக்கையை எழுதியபடியே அச்சிட்டிருந்தால், அடுக்கின் எண் பற்றிய கேள்வியை மதுரைக் கல்லூரி மாணவர்களே கேட்டிருப்பார்கள், ஒருவரையொருவர் திருத்தியும் இருப்பார்கள்.

அது நடக்காத நிலையில், அந்தக் கேள்வியைத் தமிழில், தமிழர் நடுவே இன்று எழுப்புகிறவர் சான்றுக்குத் துணை நிற்கிறாரா, சான்றை மறைத்தவருக்குத் துணை போகிறாரா என்பதை இக்கட்டுரையால் தீர்மானிக்க இயலவில்லை. பேசாதிருந்தால் கல்விக்குப் பிழை, பேசினால் வேறொருவர் கைக்கு ஆயுதம். இரண்டில் எது சிறிய தீங்கு என்பது ஒவ்வொரு முறையும் ஆளைப் பொறுத்தும் அவையைப் பொறுத்தும் மாறுவதாகவே தெரிகிறது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த அந்த மாதிரிக்குக் கீழும் மனிதர் வாழ்ந்த படிவுகள் உள்ளன என்று 2019ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது.