பாத்திரமா, பசியா?

பங்கீட்டில் நேர்மை என்பது யாது? எல்லோருக்கும் ஒரே அளவாக வழங்குவதா, அவரவர் தேவையறிந்து வழங்குவதா? நோன்புக் கஞ்சி வாங்க வருபவரின் பாத்திரத்தை மட்டும் பார்த்து ஊற்றுபவர் பிழை செய்துவிடக் கூடும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பவரே நியாயமாகப் பங்கிடுவார். பள்ளிகளுக்குப் பொதுப்பணம் வழங்குவதையும் நாம் இந்தக் கண்கொண்டே நோக்க வேண்டும்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அங்கே ஒரே தெருவில் இரண்டு ஏழைச் சிறுவர்கள் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். ஒருவன் அரசுத் தொடக்கப் பள்ளியிலும், மற்றவன் அரசு உதவிபெறும் பள்ளியிலும் பயில்கிறான். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உதவிபெறும் பள்ளிகளுக்கோ, ஊரகப் பகுதிகளில் 2024 ஜூலையிலும் நகர்ப்புறங்களில் 2025 ஆகஸ்டிலுமே வந்து சேர்ந்தது. பசி ஒன்று, பெயர்ப்பலகைதான் வேறு. நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளில் பல உதவிபெறுபவை என்பதால், இதன் அருமை நமக்கு நன்கு விளங்கும். தாமதமாயினும் அரசு குறையைக் களைந்தது பாராட்டுக்குரியது.

இனி, பள்ளி மானியத்தைப் பார்ப்போம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000 ரூபாய். 31 பேர் பயிலும் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை வேறூர் சென்றுவிட்டால், பள்ளியின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சியவர்களின் தேவை அவ்வாறு குறைந்துவிடுமா? மேலும், தலையை எண்ணும் இவ்வளவுகோல், அப்பிள்ளை குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிபவனா என்று கேட்பதில்லை.

ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது பாரபட்சம் ஆகாதா எனச் சிலர் வினவலாம். நோயுற்ற பிள்ளைக்குத் தந்தை மருந்து வாங்கினால், மற்றப் பிள்ளைகள் அதைப் பாரபட்சம் என்பதில்லை. ஆகவே, சிறு பள்ளியும் நிலைத்து நிற்க ஓர் அடிப்படைத் தொகை, அதற்குமேல் பிள்ளையின் தேவைக்கேற்ற தொகை என இருப்பதே முறையாகும்.

இதில் நமக்கும் கடமையுண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களே. அக்குழு தீட்டும் பள்ளி வளர்ச்சித் திட்டமே மானியத்துக்கு அடிப்படையாக வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. கூட்டத்துக்குச் செல்லாமல் வீட்டில் இருந்துகொண்டு குறை கூறுவதில் பயனில்லை. நாம் சென்று, நம் பிள்ளைக்கு மட்டுமன்றி, கேட்க ஆளில்லாத பிள்ளைக்காகவும் கேட்போமாக!