பட்டிக்குள் மறையும் துரு

இரும்பு துருப்பிடிப்பது இயற்கை. அத்துருவின் மீது பட்டி பூசி, வண்ணம் அடித்து, ஒன்றும் அறியாத ஒருவரிடம் விற்பது மனிதன் செய்யும் செயல். செயல் என்றால் அதற்கு நன்மை தீமை உண்டு; வினைப்பயனும் உண்டு. பழைய வேன் விற்பதில் அறம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். இல்லறத்தாருக்குரிய அணுவிரதங்கள் கடைத்தெருவிலும் பட்டறையிலும் நின்று பொருள் ஈட்டுவோருக்காகவே வகுக்கப்பட்டவை. ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும், திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டைக்கும் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் பல. பொன்னேரி, கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன்களும் உண்டு. இவற்றுள் இரண்டு மூன்று கை மாறி வந்தவை குறைவல்ல. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியும், அதனை அடுத்துக் கடலும் இருக்கின்றன. உப்புக்காற்று படும் இடத்தில் இரும்பு விரைந்து கெடும் என்பதை அப்பகுதியில் வீட்டு ஜன்னல் கம்பிகளே கற்பிக்கும்.

துருவின் இயல்பை மாணவர் அறிவியல் பாடத்தில் படித்திருப்பர். இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, நீர் ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும். உப்பு அதனை விரைவுபடுத்தும். வண்டியில் அது பெரும்பாலும் உள்ளிருந்தே தொடங்குகிறது. கதவின் அடியில் நீர் வடிவதற்கென வைத்த துளைகள் சேற்றால் அடைபடும். தளத்தின் ரப்பர் விரிப்புக்குக் கீழே ஈரம் தங்கும். சக்கர வளைவுகளில் மண் அப்பிக்கொள்ளும். துரு இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைப்பது. ஆதலால் வண்ணப் பூச்சைத் தூக்கிக் கொப்புளமாக்கும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது, உள்ளே தகடு பெரும்பகுதி அரிக்கப்பட்டிருக்கலாம்.

இதனைச் சீர்செய்ய இரு வழிகள் உள. துருவேறிய தகட்டை, நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டி நீக்கிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது ஒன்று. ஓட்டையை அடைத்து, மேலே பட்டி பார்த்து, வண்ணம் அடித்து, அடிப்புறம் முழுவதும் கருந்தார் பூசிவிடுவது மற்றொன்று. முன்னது செலவும் நாளும் கொள்வது. பின்னது விரைவில் முடிவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. விற்பனைக்கு நிற்கும் வண்டியில் பின்னதைச் செய்தால், அங்கேதான் அறக்கேள்வி எழுகிறது.

கள்ளாமை விரதத்திற்கு ஏற்படும் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தினைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று பிரதிரூபக வியவகாரம். அதாவது போலியை நல்ல பொருளென்று கொடுத்து வாணிகம் செய்தல். ஆசாரியர் இதனைப் பொய்யின்கீழ் வைக்காமல் களவின்கீழ் வைத்தமை நம் சிந்தனைக்குரியது. விற்பவர் வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லாதிருக்கலாம். எனினும், நல்ல தகட்டுக்குரிய விலையைப் பெற்றுக்கொண்டு பட்டியைக் கொடுத்தவர், பிறர் பொருளைக் கொடாமலே கொண்டவர் ஆகிறார்.

நாட்டின் சட்டமும் இங்கே ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. ஆனால் ஒரு செய்தியை அறிந்தே முனைந்து மறைப்பது மோசடி என்கிறது. பட்டி பூசும் கை அந்தக் கோட்டைத் தாண்டிய கை. ‘இங்கே தகடு நன்றாக இருக்கிறது’ என்று வாய் சொல்லாததை அந்தப் பூச்சு சொல்லிவிடுகிறது.

மௌனமாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? இக்கேள்வி பழமையானது. கி.மு. 44இல் உரோமாபுரியின் சிசரோ, கடமைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில், குறையுள்ள வீட்டை விற்பவன் அக்குறையைச் சொல்ல வேண்டுமா என்று விவாதிக்கிறார். டயோஜெனிஸ் என்னும் அறிஞர் விற்பவன் பக்கம் பேசுகிறார். அவர் மாணவர் ஆண்டிபேட்டர் வாங்குபவன் பக்கம் பேசுகிறார். சிசரோ மாணவர் பக்கமே தீர்ப்பளிக்கிறார். பிறர் அறிந்துகொள்வதால் அவருக்கு நன்மை உண்டெனத் தெரிந்தும், தன் ஆதாயத்திற்காக அதனை அறியவிடாது செய்வதே மறைத்தல் என்பது அவர் கருத்து.

வேனைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்குபவர் விழிப்பாக இருக்கட்டும் என்னும் வாணிக வழக்கு இருவரைப் பற்றியே பேசுகிறது. வண்டியில் அமரப்போகும் மூன்றாமவர் விலை பேசவில்லை. விரிப்பைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. 2012 ஜூலை 25 அன்று தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அது தகுதிச் சான்று பெற்று ஓடிய பேருந்து. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகளைக் கொணர்ந்தது. விதிகள் நல்லவை. ஆயினும் தகுதிச் சான்று சோதித்த நாளின் நிலையைத்தான் கூறும். விரிப்புக்குக் கீழே இருப்பதை அறிந்தவர் வண்டியின் உரிமையாளரே. பொன்னூர் மலைக்கு வாடகை வேனில் குடும்பத்தோடு செல்லும் நாமும் அந்த மூன்றாமவர்தாம்.

இனி, வேனை வைத்துப் பிழைப்பவரின் நியாயத்தையும் கேட்க வேண்டும். “நானும் நம்பித்தான் வாங்கினேன். எனக்கு விற்றவர் சொல்லவில்லை. தவணை இன்னும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கமாட்டார்கள். நான் மட்டும் ஏன் நட்டப்பட வேண்டும்?” இது எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. அவருடைய நட்டம் உண்மையானது. அவர் ஏமாற்றப்பட்டதும் உண்மை. ஆனால் மறைத்து விற்பதால் அந்நட்டம் அழிந்துபோவதில்லை. அடுத்தவர் தலைக்கு மாறுகிறது. பழைய வேனை வாங்குபவர் பெரும்பாலும் அதனை விற்பவரைவிட எளியவர். வஞ்சனை வண்டியோடு கை மாறிக்கொண்டே போகும். யாரேனும் ஒருவர் ஏற்றுக்கொண்டால்தான் அது நிற்கும்.

மேலும், கவனமின்மையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்பது நம் நூல்களின் முடிபு. துருவை அறியாதிருந்த நாள் வரை அது அவருக்கு நேர்ந்த துன்பம். அறிந்த நாள் முதல் அது அவர் பொறுப்பு. அறிந்த பின்னும் ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்று ஆட்களை ஏற்றுவது, இன்னும் ஒன்றும் ஆகாவிடினும், கவனமின்மையே ஆகும்.

செய்யத்தக்கது யாது? வாங்குபவர் விரிப்பைத் தூக்கிப் பார்க்கட்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைக் கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்க்கட்டும். பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. விற்பவர் அந்தக் காந்தத்தைத் தாமே எடுத்துக் கொடுப்பாராயின் அது சாவகர்க்குரிய வாணிகம். எங்கெங்கே வெட்டி ஒட்டியிருக்கிறது, எது இன்னும் செய்யப்படவில்லை என்பதை விற்பனைச் சீட்டில் எழுதிக் கையொப்பமிடுவது நன்று. சேசிஸே அரித்துப்போயிருந்தால், அவ்வண்டிக்கு உரிய இடம் காயலான் கடைதான். அங்கே கிடைக்கும் விலையே அதன் உண்மை விலை.

விரதம் உடையவன் சல்லியம் அற்றவனாக இருக்க வேண்டும் என்பர். சல்லியம் என்பது உடலில் தைத்து உள்ளே தங்கிய முள். மூன்று சல்லியங்களுள் ஒன்று மாயை, அதாவது வஞ்சனை. முள் உள்ளே இருக்க மேல்தோல் மூடிவிட்டால் புண் ஆறியதாகாது, சீழ் வைக்கும். நல்ல பட்டறைக்காரர் துருவைக் கண்டால் முதலில் வெட்டித் திறக்கிறார், பிறகே ஒட்டுகிறார். வீட்டிலும் வாணிகத்திலும் நம் குறைகளை நாம் அவ்வாறே நடத்துவோமாக.