தவறு யாருடையது?

பணியிடத்தில் ஒரு தவறு நேர்ந்தால், அதனைச் செய்த கையைத் தேடுவது உலக வழக்கு. அக்கை எவருடைய பொறுப்பில் இருந்தது என்று வினவுவோர் சிலரே. இவ்விரண்டனுள் அறத்திற்கு அணுக்கமானது எது என நாம் சிந்தித்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கேமல்ஃபோர்டு என்னும் சிற்றூர் உள்ளது. மேட்டுநிலத்திலிருந்து வரும் அவ்வட்டார நீர் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. அமில நீர் குழாய்களிலுள்ள செம்பையும் ஈயத்தையும் கரைத்துவிடும். ஆதலின் சுண்ணாம்பு சேர்த்து, அமிலத்தைத் தணித்த பின்னரே குழாயில் விடுவர்.

1988 ஜூலை 6 அன்று, மாற்றாளாக வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், நீரைத் தெளிவிக்கும் அலுமினியம் சல்பேட் 20 டன்னைத் தவறான தொட்டியில் ஊற்றிவிட்டார். இடம் காட்ட அங்கே ஒருவரும் இல்லை; அவர் கையில் சாவி மட்டுமே இருந்தது. அமிலமாகிப்போன நீர் ஏறத்தாழ 20,000 மக்களைச் சென்றடைந்தது. பலருக்கு வாய்ப்புண்ணும் வயிற்று நோயும் கண்டன. எனினும், நீர் பாதுகாப்பானது என்றே கூறப்பட்டது. உண்மைக் காரணம் பொதுமக்களுக்குத் தெரியப் பதினாறு நாட்களாயின. 1991இல் நீர் வாரியத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கோரியதோ 2013இல்தான்.

ஓட்டுநரின் பிழை அறியாமையால் நேர்ந்தது. அறிந்த பின்னும் காத்த மௌனத்தை அறியாமை என்று கூற இயலுமா?

என் ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், வகுப்பின் உலக உருண்டையை உடைத்த மாணவன் தானே முன்வந்து ஒப்புக்கொண்டான். நான் அவனைப் பிரம்பால் அடித்தேன். அதன்பின் அவ்வாண்டு முழுதும் எந்தப் பிள்ளையும் எதனையும் என்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒழுங்கு வந்துவிட்டதென மகிழ்ந்தேன். வந்தது அச்சமே என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

பிழையைப் பொறுத்தால் அலட்சியம் வளராதா எனச் சிலர் கேட்கலாம். பிழையைத் திருத்தத்தான் வேண்டும். இழப்புக்கு ஈடும் செய்விக்க வேண்டும். உண்மை கூறியதற்குத் தண்டனை தருதல் மட்டும் ஆகாது. தலைமையில் இருப்பவர் தம் பிழையை முதலில் ஒப்புக்கொண்டால், உடன் பணிபுரிவோரும் வாய் திறப்பர். பணியிடத்து நல்லுறவுக்கு அதுவே அடித்தளம்.

நீரில் சுண்ணாம்பை நாள்தோறும் அளவறிந்து சேர்க்கின்றனர். நம்பிக்கையையும் அவ்வாறே நாள்தோறும் சேர்த்தல் வேண்டும். விபத்து நேர்ந்த அன்று தேடினால் அது கிட்டாது. கடையானாலும், பள்ளியானாலும், இல்லமானாலும், நம்மிடம் வந்து “தவறு செய்துவிட்டேன்” என்று அஞ்சாமல் கூற ஒருவராவது உளரா? ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வோமாக.